கேள்விதானே கேட்டோம்

கேள்விக்குறி என்பது தெரியாததைக் கேட்பதற்கு வைக்கிற குறி என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் ஆபீஸில் அதற்கு வேறு வேலை. மாட்டிக்கொள்ளாமல் பொய் சொல்ல வேண்டுமென்றால் கடைசியில் அதைப் போட்டுவிடுவார்கள்.

நான் வீடியோக்களுக்குத் தலைப்பு எழுதுகிறவள். சமையலும் வீட்டு ரிப்பேரும் என் பங்கு. "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்பவர்கள் ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்க்கட்டும். சமையல் வீடியோ என்றால் தட்டில் என்ன வரப்போகிறது என்று முதல் நாலு வார்த்தையில் தெரிய வேண்டும். மிச்சத்தைப் போன் திரை விழுங்கிவிடும். ரிப்பேர் வீடியோவுக்கு மெக்கானிக் பாஷை ஆகாது. "வாஷர் மாற்றும் முறை" என்று வைத்தால் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. "குழாயை மூடினாலும் சொட்டுகிறதா?" என்று வைத்தால் சொட்டுகிற வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஓடி வருவார்கள். அங்கேயும் கேள்விக்குறி இருக்கிறது. ஆனால் அது பார்க்கிறவருடைய கேள்வி, அதனால் யார் குடியும் கெடாது.

பரபரப்பு வீடியோக்களுக்கு எடிட்டரே தலைப்பு வைப்பார். "தலைப்புன்னா சுருக்குனு தைக்கணும்" என்று நாளெல்லாம் சொல்வதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சுருக். நன்றாக ஓடுகிற தலைப்பை எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமென்று வாசலருகே வெள்ளைப் பலகையில் எழுதியும் வைப்பார். அன்று காலை நான் தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை, பலகையில் இருந்தது: "பள்ளிக் குழந்தைகளைக் கடத்தினாரா வேன் டிரைவர்?"

வேன் டிரைவர் என் அத்தான். அக்காவின் கணவர்.

முந்தின நாள் நடந்தது இவ்வளவுதான். பள்ளி விட்டு வரும்போது வேன் பழுதாகி நடுவழியில் நின்றுவிட்டது. பிள்ளைகளை வெயிலில் நிறுத்த மனசு வராமல், பக்கத்துத் தெருவில் இருக்கும் தன் வீட்டிலேயே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, பள்ளிக்கும் போன் போட்டுச் சொன்னார். அதைப் பெற்றோருக்குச் சொல்ல அங்கே யாரோ மறந்துவிட்டார்கள். பெற்றவர்கள் பதறியது நியாயம்தான். தேடிக்கொண்டு வந்து பார்த்தால், பிள்ளைகள் அக்கா வீட்டு டிவியில் கார்ட்டூன் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தகப்பனார் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். தெருவில் யாரோ எடுத்த அந்த வீடியோவில் இதுவும் இருக்கிறது, கடைசியில்.

பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா கூப்பிட்டாள். "பாதிப் பேரு பிள்ளைங்கள இனிமே அனுப்ப மாட்டோம்னுட்டாங்கடி. ஸ்கூல்லயும் கொஞ்ச நாளைக்கு வராதீங்கன்னு சொல்லிட்டாங்க. உங்க அத்தான் வாயே திறக்க மாட்டேங்கிறாரு."

நேராகச் சுருக்கின் மேசைக்குப் போனேன்.

"சார், அவரு யாரையும் கடத்தலைன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்மா. வீடியோவிலேயே இருக்கே."

"அப்புறம் ஏன் அப்படிப் போட்டீங்க?"

"நாம எங்க கடத்துனாருன்னு சொன்னோம்? கேள்விதானே கேட்டோம். முழுசாப் பாத்தா புரிஞ்சிடப் போகுது."

"எவன் சார் முழுசாப் பாக்குறான்? தலைப்பைப் படிச்சிட்டு அப்படியே நாலு பேருக்கு அனுப்பிடுறான்."

"அதுக்குத்தானே தலைப்பு?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார், மகராசன்.

அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக் கூடாது. பலகையில் இருந்ததை அழித்துவிட்டு, அதே இடத்தில், அதே பெரிய எழுத்தில் எழுதினேன்: "போலிச் சான்றிதழ் கொடுத்து வேலையில் சேர்ந்தாரா சுருக்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுருக் எழுந்து ஓடி வந்தார்.

"என்ன திமிரு உனக்கு! அழி அதை!"

"கேள்விதானே சார் கேட்டேன். பதிலும் போட்டுடறேன்" என்று பலகையின் அடி மூலையில் கடுகு மாதிரி "இல்லை" என்று எழுதினேன்.

டஸ்டரைத் தேடியவர், கிடைக்காமல் கைக்குட்டையாலேயே தேய்த்தார். அதற்குள் டீ எடுக்க வந்த கணக்காளர் படித்துவிட்டார். மூலையில் இருந்த பதிலுக்குப் பெயருக்குத் தலையாட்டிவிட்டு, சுருக்கை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். சுருக்கும் அந்தப் பார்வையைப் பார்த்தார். "என் சர்டிபிகேட் எல்லாம் ஒரிஜினல்தான்" என்றார், யாரும் கேட்காமலே.

மதியத்துக்குள் தலைப்பை மாற்றிவிட்டார்கள். "வேன் பழுதானதால் குழந்தைகளை வீட்டில் பத்திரமாக உட்கார வைத்த டிரைவர்" என்று நானே எழுதினேன். உள்ளே இருப்பதை உள்ளபடி சொன்ன தலைப்பு. அதை ஒரு நாய்கூடச் சீண்டவில்லை. பழைய தலைப்போ, யார் யாரோ படம் பிடித்து அனுப்பி, போன் போனாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். தலைப்பை மாற்ற வைத்துவிட்டேன் என்று சொன்னேன். அத்தான் வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற ஆள் இல்லாத வண்டி, கண்ணாடி மாதிரி பளபளத்தது. "சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

அக்கா வாசற்படியில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, நடுத்தெருவுல அத்தனை கடை இருக்கு. அங்க எங்கயாவது நிக்க வைக்காம, பிள்ளைங்கள எதுக்கு நேரா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

அத்தானின் கை நின்றது. திரும்பி அவளைப் பார்த்தார். துணியை வாளியில் போட்டுவிட்டு வேனுக்குப் பின்னால் போய்விட்டார்.

"கேள்விதானேடி கேட்டேன்" என்றாள் அக்கா, என்னிடம்.

அன்றைக்கு அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கைபிடித்து வீட்டுக்குள் அழைத்து, முகம் கழுவிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தவளே அவள்தான்.