தலைகீழ்ப் பெட்டி

அப்பாவின் குரல் எங்கள் வீட்டில் இப்போது ஒரே இடத்தில்தான் இருந்தது. ஹால் அலமாரியில், வீட்டுப் போட்டோ, வீடியோ எல்லாம் சேமித்து வைக்கிற, ஷூ டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. தொண்டை ஆபரேஷனுக்கு முந்தின வாரம் இருநூறு வாக்கியங்கள் பேசிப் பதிவு செய்து அதில் போட்டிருந்தார். அந்தப் பதிவைக் கொடுத்தால், அவர் போனில் தட்டுவதை அவர் குரலிலேயே பேச வைத்துவிடலாம் என்று பேச்சுப் பயிற்சி டாக்டர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டும். சனிக்கிழமை காலை பெட்டி கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது.

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க். ஒன்றில் இருப்பதேதான் மற்றதிலும் இருக்கும். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். லேப்டாப்பில் பார்த்தேன். இரண்டாவது டிஸ்க் சாகக் கிடந்தது.

"வேற எங்கயாவது ஒரு காப்பி போட்டு வைங்கன்னு ரெண்டு மாசமா கரடியா கத்துறேன்," என்றாள் மனைவி.

"இப்ப அதுவா முக்கியம்?"

அதுதான் முக்கியம். சோம்பேறித்தனம், வேறென்ன! என் மேலேயே வந்த எரிச்சலை அவள் மேல் காட்டினேன்.

கடைக்கு ஓடிப்போய்ப் புது டிஸ்க் வாங்கி வந்தேன். பெட்டியை அணைக்காமலே மாற்றலாம். இடப்பக்கம் முதலாவது, வலப்பக்கம் இரண்டாவது. ஐந்து வருஷமாகப் பார்க்கிற பெட்டி, எனக்குத் தெரியாதா? அலமாரி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ரெண்டாவதுதான் போச்சு, வலப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கக் கொக்கியில் விரலை வைத்தேன்.

முதுகில் பளீரென்று ஒரு அடி. திரும்பினால் தரையில் ரப்பர் செருப்பு கிடக்கிறது. சோபாவில் அப்பா இன்னொரு செருப்பை ஓங்கிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா! என்ன ஆச்சு உங்களுக்கு?"

அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. செருப்பைப் போட்டுவிட்டு உள்ளங்கையை நீட்டி, அப்படியே கவிழ்த்துக் காட்டினார். மறுபடியும் கவிழ்த்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"ஐயோ, எடுக்காதீங்க! போன வெயில்ல மாமா இதைத் தலைகீழா வச்சாங்கல்ல!"

ஆமாம். முப்பது வருஷம் லேத் பட்டறையில் இருந்த மனிதர் அவர். காற்றுத் துளை பெட்டியின் அடியில் இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. "சூடு மேலதான்டா போகும், இதைச் செஞ்சவனுக்கு அறிவிருக்கா?" என்று திட்டிக்கொண்டே கவிழ்த்து வைத்தார். நான்கூடச் சிரித்தேன். அப்புறம் சுத்தமாக மறந்துபோனேன். இப்போது இடம் வலமாகியிருந்தது. என் விரல் இருந்தது நல்ல டிஸ்க்கின் மேல்.

இடப்பக்கத்து டிஸ்க்கை உருவி, அதன் மேலிருந்த எண்ணை லேப்டாப்பில் இருந்த எண்ணோடு இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் புதியதைச் செருகினேன். நல்ல டிஸ்க்கில் இருப்பதெல்லாம் இதில் ஏற ஏழு மணி நேரம் காட்டியது. அப்பா நகரவில்லை. சாப்பாட்டுத் தட்டும் சோபாவுக்கே போனது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கம்.

சாயங்காலம் இரண்டு பச்சை விளக்கும் எரிந்தன. முதல் வேலையாகப் பென் டிரைவில் ஒரு காப்பி போட்டேன். மனைவி பக்கத்திலேயே நின்று, போடுகிறேனா என்று பார்த்தாள். அப்புறம் பதிவை ஓடவிட்டேன்.

"தண்ணி குடுங்க." "ஃபேனைக் கொஞ்சம் குறைங்க." வரிசையாக வந்தது அப்பாவின் குரல். நடுவில் திடீரென்று, "டேய் மடையா, இன்னும் ஓடுதா அது? நிறுத்தித் தொலைடா!"

அன்றைக்கு நான் நிறுத்த மறந்த இடம்.

"இதை மட்டும் வெட்டிடறேன்ப்பா."

அப்பா கை செருப்பைத் தேடியது. பிறகு போனில் எதையோ தட்டி என் மூக்குக்கு நேராக நீட்டினார். 'வெட்டாதே. காலைல இது என்கிட்ட இருந்திருந்தா செருப்பு எதுக்கு?'

திங்கட்கிழமை வரை காத்திருக்க மனசு வரவில்லை. அதில் முதல் இரண்டு வார்த்தையை மட்டும் அப்போதே அவர் போனில் ஏற்றி, பெரிய பட்டனாக வைத்துக் கொடுத்தேன். அமுக்கினார்.

"டேய் மடையா!"

இரண்டு மாதம் கழித்து என் அப்பா என்னைத் திட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னப்பா?" என்றேன்.

மறுபடியும் அமுக்கினார்.