அரிசி டிரம்மில் மூன்று நாள்

நாசரேத்து ஜெபசெல்வி கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவள். அவளுடைய பெரிய லென்ஸுக்குள் ஒரு மோட்டார் உண்டு. பொத்தானைப் பாதி அழுத்தினால் போதும், தாலி கட்டும் மாப்பிள்ளையின் விரல் நடுக்கத்தைக்கூடச் சட்டென்று பிடித்துவிடும். ஆறு வருஷத்தில் ஒருநாளும் அது அவள் காலை வாரியதில்லை. மனுஷரைக்கூட அவள் அவ்வளவு நம்பியதில்லை.

போன சனிக்கிழமை கடற்கரையில் ஒரு ஜோடியை எடுக்கும்போது லென்ஸில் அலைத்தண்ணீர் தெறித்தது. துடைத்து மேசையில் வைத்துவிட்டுப் படுத்தாள். அம்மா ஞானசௌந்தரிக்குக் கை சும்மா இருக்குமா? நனைந்த செல்போன் அரிசிக்குள் கிடந்து பிழைத்ததைக் கண்ணால் பார்த்தவள் ஆயிற்றே. லென்ஸையும் அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டாள். மூன்று நாள் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் தூக்கி வருகிறமாதிரி அவளே எடுத்துவந்து கொடுத்தாள். ஜெபசெல்வி தலையில் அடித்துக்கொண்டாள். ஊதினாள், தட்டினாள், மாட்டிப் பார்த்தாள். கொஞ்சம் முனகியது, ஆனால் ஓடியது.

வெள்ளிக்கிழமை, கப்பல் வேலைக்குச் சேர்ந்திருந்த தம்பி ஜெமியின் முதல் கப்பல் தூத்துக்குடியை விட்டுக் கிளம்பியது. இனி ஒன்பது மாதம் அவனைப் பார்க்க முடியாது. கப்பல்மேல் அவன் நிற்கிற படம் ஒன்று வீட்டுச் சுவரில் வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். தாயும் மகளும் மூன்று மணிக்கே துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவுக் கரையில் வந்து நின்றார்கள்.

காற்றே இல்லை. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத சாயங்காலம். அதற்குள்ளிருந்து ஆரஞ்சு நிறக் கப்பல் சத்தமில்லாமல் வந்தது. மேல்தளத்தில் ஒரு குட்டி உருவம், சொல்லிவைத்தபடியே வெள்ளைத் துண்டை வீசியது.

ஜெபசெல்வி பொத்தானை அழுத்தினாள். மோட்டார் முனகியது. கப்பல் கரைந்து வெறும் நிறமானது, மெல்லத் திரண்டு வந்தது, துண்டு தெரியப்போகிற நேரம் பார்த்து மறுபடி கரைந்தது. கனவில் வந்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் விழிப்பு வந்துவிடுமே, அப்படி இருந்தது அவளுக்கு. பிறகு நறநறவென்று ஒரு சத்தம். நாலடிக்கு அப்பால் எதுவும் தெளியாதபடி ஃபோகஸ் சிக்கிக்கொண்டது. வளையத்தைக் கையால் திருகினாள், அசையவில்லை. செல்போனில் பார்த்தால் கப்பல் தீப்பெட்டி அளவுகூட இல்லை.

"ஒங்க அரிசி வேலையக் காட்டிட்டும்மா."

"ஏளா, அவன் போறானே" என்றாள் அம்மா. வேறெதுவும் அவள் காதில் விழவில்லை.

மகளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிட நினைத்து, கண்ணிலிருந்து கேமராவை எடுக்காமலே திரும்பினாள். சரியாக நாலடியில் அம்மா நின்றாள். ஒவ்வொரு நரைமுடியும் தனித்தனியாகத் தெரிந்தது. பின்னால் கடல் வெறும் வெளிச்சமாக இருந்தது. முந்தானையைத் தலைக்குமேல் வீசிக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். ஜெபசெல்விக்குத் திட்ட வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. பொத்தானை முழுசாக அழுத்தினாள்.

பஸ் ஸ்டாண்டில் அந்தப் படத்தைச் செல்போனுக்கு மாற்றி, "ஒன்னைய எடுக்க முடியலடே, மன்னிச்சிக்கோ" என்று எழுதித் தம்பிக்கு அனுப்பினாள். கப்பலில் சிக்னல் போவதற்குள் பதில் வந்துவிட்டது.

"கரையில ரெண்டு புள்ளிதான்க்கா தெரிஞ்சுது. அதுல அம்மா எதுன்னு தெரியாமலேதான் துண்ட வீசுனேன். இப்பதான் அம்மாவப் பாத்தேன்."

"எங்கேளா, எம்புள்ள படத்தைக் காட்டு" என்று அம்மா கை நீட்டினாள்.

ஜெபசெல்வி செல்போனை அப்படியே கொடுத்தாள். அம்மா தன் படத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. அதன்கீழே மகன் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.