யார் அழுத அழுகை

அந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. எந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுக்கிறாரோ அதுதான் அவர் பெயர். அப்படித்தான் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த, வழுக்கையும் வாயுத்தொல்லையுமான ஒரு மனிதரை எல்லோரும் ‘தம்பி’ என்றார்கள். அவரைவிட வயதில் சின்னவரை ‘அண்ணன்’ என்றார்கள். தம்பி அந்த அண்ணனுக்கு மாத்திரை சிபாரிசு செய்வதும் உண்டு.

வேற்றுமொழித் தொடர் ஒன்றை நம் மொழியில் பேசவைத்துக்கொண்டிருந்தார்கள். கதையில் இரண்டு சகோதரர்கள். அண்ணன் வாள் பிடிப்பவன். பேசுவது குறைவு, முறைப்பது அதிகம். தம்பி குதிரை லாயத்தைப் பார்த்துக்கொள்பவன். குதிரை நொண்டினாலே கண் கலங்கிவிடுவான். ரசிகர்கள் அண்ணனைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். தம்பிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘குழாய்’. அவன் முகம் லேசாகக் கோணினால் போதும், குழாயைத் திறந்தாச்சு, வாளி எடுத்துட்டு வாங்க என்று இணையத்தில் வரிசையாக எழுதுவார்கள். இவனெல்லாம் ஆம்பளையா, கையில் வளையலை மாட்டிவிடுங்கள் என்று எழுதியவர்களில் பெண்களும் இருந்தார்கள். எழுதியவர்கள் யாரும் வெங்காயம் நறுக்கக்கூட உட்கார்ந்ததில்லை போலிருக்கிறது.

குரல் கொடுக்கும் தம்பிக்கு வீட்டிலும் விடிவு இல்லை. மனைவியின் அண்ணன் கிரேன் ஓட்டுபவர், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, இந்த வாரம் எத்தனை வாளி மாப்ள என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவார். தம்பியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்தாலும் வலித்தது.

கதையில் அம்மா இறக்கும் காட்சி வந்தது. அசல் நடிகன் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறியிருந்தான். பதிவுக்கு வந்திருந்த சேனல்காரர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அழ வேண்டாம். முகத்தை அம்மா கால்ல புதைச்சுக்கிறான், வாய் தெரியல. பல்லைக் கடிச்சுக்கிட்டு ‘விடமாட்டேன், பழி வாங்காம விடமாட்டேன்’னு சொல்லிடுங்க. மேல ரொம்பப் பேசுறாங்க. குரலையே மாத்திடலாமான்னு கேட்டாங்க.”

ஒரு தொடரில் பாதியில் குரல் மாற்றப்பட்டவரை அடுத்த கூடத்தில் யாரும் கூப்பிடமாட்டார்கள். அந்தத் தொழில் அப்படி. தம்பி பல்லைக் கடித்தார், பழி வாங்குவதாகச் சொன்னார். ரசிகர்களுக்கு ஒரே குஷி. குழாயை மூடியாச்சு, ஒருவழியா ஆம்பளை ஆயிட்டான் என்று எழுதினார்கள். மச்சான் முதுகில் தட்டிக்கொடுத்தார். உள்ளதைச் சொன்னால், தம்பிக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தத் தொடர் வாரத்துக்கு ஒரு பகுதியாகத்தான் அங்கே வந்து சேரும். அடுத்த பகுதியில் என்ன இருக்கிறதென்று வசனம் எழுதும் அம்மாளுக்கும் தெரியாது, சேனல்காரருக்கும் தெரியாது. சில வாரம் கழித்து வந்த பகுதியில், அண்ணன் வாளைக் கழற்றி வைத்துவிட்டு லாயத்துக்கு வருகிறான். அம்மா போனபோது நீ அழுதாய், நான் மரம் மாதிரி நின்றேன், எனக்கும் அழவேண்டும் என்கிறான். சொல்லிவிட்டுத் தம்பியின் தோளில் சாய்ந்து உடைந்துபோகிறான்.

கூடத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் மொழியில்தான் தம்பி அழவே இல்லையே. வசனம் எழுதும் அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு எதையோ ஒட்டுப்போட்டு, நீ கத்தின, நான் வாயே திறக்கல என்று மாற்றினார். அழுகையை மட்டும் மாற்ற வழியில்லை. அண்ணனின் முகம் திரை முழுக்க, வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. அண்ணன் அழுதா அது வேற, அதுல ஒரு மரியாதை இருக்கு, அழட்டும் என்றார் சேனல்காரர்.

ஆனால் குரல் கொடுக்கும் அண்ணனுக்கு அழ வரவில்லை. சிங்கம்போலக் கர்ஜிப்பவர் மைக் முன்னால் நின்று இருமினார், செருமினார், விக்கினார். சாப்பாட்டு நேரமும் தாண்டிப்போனது. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கு வராதுங்க. எங்கப்பா செத்தப்பவே வரல,” என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, “நீங்க அழுதுடுறீங்களா?” என்றார்.

அழுகையில் சொல் கிடையாது, யார் குரல் என்று கண்டுபிடிக்க முடியாது. இப்படி ஒருவருக்காக இன்னொருவர் மூச்சுக் கொடுப்பதும் இருமிக் கொடுப்பதும் அங்கே சகஜம்தான். அதை வெளியே சொல்லக்கூடாது என்பதும் வழக்கம். தம்பி உள்ளே போய் அந்த முகத்தைப் பார்த்தார். அன்றைக்குப் பல்லைக் கடித்து விழுங்கிய அம்மாவின் சாவும் சேர்ந்துகொண்டது. அழுது தீர்த்தார். ஒலிப்பதிவாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, சரியா வந்துடுச்சு என்றார்.

அந்தப் பகுதி ஒளிபரப்பானதும் ரசிகர்கள் உருகிப்போனார்கள். அழுதாலும் சிங்கம் சிங்கம்தான், குழாய் பார்த்துக் கத்துக்கட்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட்டு முடித்ததும் அதே காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அழுதா இப்படி அழணும் மாப்ள. நீங்க அவர்கிட்ட கேட்டுக் கத்துக்கக் கூடாதா?”

வெளியே சொல்லக்கூடாதே என்று தம்பி சாப்பிட்ட தட்டுகளை அடுக்கத் தொடங்கினார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிதான் தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“அது இவர் அழுகைண்ணா. என் மாமியார் செத்தப்ப மாடியில நின்னு அழுதாரே, அதேதான். கடைசியில மூச்சை எப்படி உள்ள இழுக்குறார் பாரு. எனக்குத் தெரியாதா?”

மச்சான் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். கிண்டலுக்கு எதுவும் அகப்படவில்லை. “அவர்னு நெனச்சப்போ அழுகை வந்துச்சு. நீங்கன்னா மட்டும் எனக்கு ஏன் மாப்ள சிரிப்பு வந்துச்சு?” என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். தம்பிக்குக் கோபம் வந்தது. மச்சான் மேல் அல்ல, அன்றைக்குப் பல்லைக் கடித்த தன் மேல்.

அடுத்த பகுதியில் லாயத்துக் குதிரை செத்துப்போனது. தம்பி மைக் முன்னால் நின்றதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சேனல்காரர் பல்லைக் கடித்துக் காட்டினார்.

“இல்லைங்க. அவன் அழறான், நானும் அழுவேன்,” என்றார் தம்பி. “வேண்டாம்னா வேற குரல் பார்த்துக்குங்க. ஆனா அண்ணன் அடுத்த தடவை அழுறப்ப என்னைக் கூப்பிடக்கூடாது.”

சேனல்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் யார் சாவார்கள், யார் அழுவார்கள் என்று அந்தக் கூடத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

“சரி, அழுங்க,” என்றார் சேனல்காரர்.

குழாய் மறுபடி திறந்தாச்சு என்று ரசிகர்கள் எழுதினார்கள். தம்பி ஒன்று விடாமல் படித்தார். ஆமாம், திறந்தாச்சு என்று சொல்லிக்கொண்டு சாப்பிடப் போனார்.