ரெண்டு இன்ச்

வண்டி வாசலுக்கு வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. தார் ரோட்டில் மாவு மெஷினை இழுத்துக்கொண்டு வருவது போல ஓர் உறுமல். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்கு ஏதோ லாரி வருகிறது என்று நினைத்து மறுபடி குழாயைத் திறந்தாள். வந்தது அவர்கள் வண்டிதான்.

வெளியே வந்து பார்த்தவள் ஈரக்கையோடு அப்படியே நின்றுவிட்டாள். காலையில் சாதுவாகப் புறப்பட்டுப் போன குடும்ப வண்டி, யாரையோ அடிக்கப் போவது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. டயர் முழுக்கக் கட்டை கட்டையாக ரப்பர். சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவில் முன்பு கை நுழையும் இடம் இருந்தது. இப்போது அதை ரப்பர் அடைத்திருந்தது. கணவன் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினான். அந்த வண்டியின் கதவை யாராவது அடித்துச் சாத்தினால் அவனுக்குப் பொறுக்காது. "ஃபிரிட்ஜா அது? மெதுவா!" என்பான், விருந்தாளியாக இருந்தாலும்.

"இது நாம பாத்த டயர் இல்லியே," என்றாள் அவள்.

"அதே மாடல்தான். சைஸ் மட்டும் கொஞ்சம் பெருசு."

"எவ்வளவு கொஞ்சம்?"

"வண்டி ரெண்டு இன்ச் ஏறியிருக்கு. டயரால ஒண்ணு. டயர் மேல உரசக் கூடாதுன்னு ஸ்பிரிங்குக்கு மேல ஸ்பேசர்னு ஒரு கட்டை வச்சோம், அதால ஒண்ணு. கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாததுக்கா இப்படி இளிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

அவன் போனை எடுத்தான். வண்டியைச் சுற்றி வந்து போட்டோ எடுத்தான்.

அன்று மதியம்தான் மூன்று பேரும் டயர் கடையில் நின்றிருந்தார்கள். அவள், அவன், அவனுடைய சிநேகிதன் கேப்டன். கேப்டன் கப்பலிலும் ஏறியதில்லை, பட்டாளத்திலும் சேர்ந்ததில்லை. விடுமுறை நாட்களில் கணவனைப் போன்ற நாற்காலி உத்தியோகக்காரர்களைத் திரட்டிக் காட்டுப் பாதையில் வண்டி ஓட்ட அழைத்துப் போகிறவன். தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர், நிலைத்துவிட்டது.

பழைய டயர்கள் வழுக்கையாகிவிட்டன என்பதில் யாருக்கும் சண்டையில்லை. சேற்றிலும் பிடிக்கும் டயர் வேண்டும் என்றான் கணவன். அதற்கும் அவள் தலையாட்டினாள். "ஆனா இப்ப இருக்கிற சைஸ்லயே வாங்குங்க," என்றாள்.

"தங்கச்சி, இதென்ன செருப்புக் கடையா, அதே சைஸ் குடுன்னு கேக்க?" என்று கேப்டன் சிரித்தான்.

"செருப்புக் கடையில கூட கால் யாருதுன்னு கேட்டுட்டுத்தான் அண்ணே எடுத்துக் காட்டுவாங்க."

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, அதே அளவில் சேற்று டயர் ஒன்றை உருட்டி வந்து காட்டினார். கணவன் அதைத் தட்டிப் பார்த்து, "சரி, இதையே போட்டுடலாம்," என்றான். அந்தச் சொல்லை நம்பி அவள் வேலைக்குப் போனாள். கண்ணாடிக் கடையின் பின்னறையில், பிரேமுக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் கூடினால் லென்ஸ் பிரேமில் உட்காராது. அதே அளவு குறைந்தால் கழன்று விழும். அங்கே யாரும் கண்ணுக்கே தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

அவள் தலை மறைந்ததும் சைஸ் மாறிவிட்டது. இரவு முழுக்க அவளுக்கு அதுதான் எரிந்தது. பொய் சொன்னதுகூட இல்லை. சரி என்று சொல்லி அனுப்பிவிட்டுச் செய்தது. படுக்கையில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தாள். அவன் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தான். அவள் அசையவில்லை.

காலையில் மகள் பள்ளிக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தாள். பதினோரு வயது. பிறந்ததிலிருந்தே கால் தசைகள் விறைப்பு. இரண்டு காலிலும் முழங்கால் வரை தாங்கிப் பிடிக்கும் பிரேஸ், இரண்டு கையிலும் ஊன்றுகோல். ஒல்லியாக இருப்பதாலும், தொட்டால் குத்துவதாலும், அப்பா அவளைக் குண்டூசி என்று கூப்பிடுவான்.

வண்டியில் ஏறுவதற்குக் குண்டூசிக்கென்று ஒரு முறை இருந்தது. கதவைத் திறந்து, வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பாள். பின்னாலேயே நகர்ந்து, தொடையின் மேல்பக்கம் சீட்டு விளிம்பில் படும்வரை போவாள். ஊன்றுகோல்களை உள்ளே எறிவாள். மேலேயிருக்கும் கைப்பிடியைப் பிடித்து ஒரே எம்பு. உட்கார்ந்த பிறகு, பேன்ட் துணியைப் பிடித்து ஒவ்வொரு காலாக உள்ளே தூக்கி வைப்பாள். போன பள்ளி வருஷம் முழுக்கப் பயிற்சி மையத்தில் கட்டில் விளிம்பில் ஏறி ஏறிப் பழகியது இது. முதல் தடவை தானாக ஏறி உட்கார்ந்த அன்று, "யாரும் தொடல, பாத்தீங்களா? யாரும் தொடல!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். அதற்குப் பிறகு அவளை யாரும் தூக்கியதில்லை. தூக்க விட்டதில்லை.

இன்றும் திரும்பி நின்றாள். பின்னால் நகர்ந்தாள். சீட்டு விளிம்பு தொடையில் படவில்லை. இடுப்பில் போய் இடித்தது. ஒரு கணம் புரியாமல் திரும்பிப் பார்த்தாள். ஊன்றுகோல்களை உள்ளே எறிந்துவிட்டு, கைப்பிடியை எட்டிப் பிடித்து எம்பினாள். பின்பக்கம் விளிம்பைத் தொட்டு வழுக்கியது. அம்மா பாய்ந்து தாங்குவதற்குள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். இன்னொரு தடவை எம்பினாள். வழுக்கியது.

அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ராத்திரி முழுக்க அந்த ஏமாற்றை நினைத்துப் பொருமியவளுக்கு, அந்த ரெண்டு இன்ச் யார் இடுப்பில் போய் இடிக்கும் என்று தோன்றவே இல்லை. 

"வா குண்டூசி, அப்பா தூக்கி வைக்கிறேன்," என்று அவன் குனிந்தான்.

"தொடாதே," என்றாள் மகள்.

"பள்ளிக்கூடம் நேரமாச்சு இல்ல?"

"தொடாதேன்னு சொன்னேன்."

அவன் வீட்டுக்குள் ஓடி, குளியலறையிலிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துவந்து வைத்தான். மகள் அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "சாயங்காலம் ஸ்கூல் வாசல்ல எல்லாரும் பாக்கிறப்ப இந்த ஸ்டூலை யார் தூக்கிட்டு வருவா? நீயா?"

"பக்கவாட்டுல படி வச்சுடலாம். கேப்டன்கிட்ட சொன்னா இன்னிக்கே..."

"படி நீட்டிக்கிட்டு இருந்தா அவ எப்படி வண்டியோட ஒட்டி நிப்பா?" அம்மா வெடித்தாள். "பின்பக்கமா ஏறுறவளுக்குப் படி எதுக்கு, முட்டி விழறதுக்கா? வண்டிக்கு அடியில எவ்வளவு இடம்னு அளந்தீங்க. பார்க்கிங்ல கூரை இடிக்குமான்னு அளந்தீங்க. பெத்த பொண்ணு ஏறி உக்காருற சீட்டை அளந்தீங்களா? அந்த வீணாப்போன கேப்டன் அளந்தானா?"

"நான் யாருக்காகப் போட்டேன்? எனக்காகவா?" அவன் குரலும் ஏறியது. "போன மழையில மையத்துக்குப் போற வழியில நானும் அவளும் சேத்துல மாட்டிக்கிட்டு நின்னமே, மறந்து போச்சா? அவளைத் தூக்கிக்கிட்டு அத்தனை தூரம் நடந்தது யாரு?"

"அன்னிக்கு ஒரு நாள் தூக்கினே," என்றாள் மகள். சத்தம் போடவில்லை. "அதுக்காக இனிமே தினம் தூக்கப் போறியாப்பா?"

அவன் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தான்.

குண்டூசி தெரு ஓரத்துக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த வண்டியில் ஏற மாட்டாள். அவ்வளவுதான். அம்மா வாடகைக் கார் ஒன்றை வரவழைத்தாள். தாழ்வான, நசுங்கிய, உள்ளே பெட்ரோல் நாற்றமடிக்கும் கார். மகள் அதில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினாள்.

"எங்கம்மா போகணும்?" என்றார் டிரைவர்.

"முன்னாடி உறுமிக்கிட்டுப் போகப்போகுது பாருங்க, அது பின்னாடி," என்றாள் அம்மா. பிறகு கணவனிடம், "டயர் கடைக்கு விடுங்க. ஒரு வார்த்தை பேசாதீங்க."

கடையில் கேப்டன் ஏற்கனவே டீ குடித்துக்கொண்டிருந்தான். வண்டியைப் பார்த்ததும், "சிங்கம் வருது!" என்று கை தட்டினான். பின்னாலேயே வாடகைக் காரிலிருந்து அவள் இறங்குவதைப் பார்த்ததும் கைதட்டல் நின்றது.

"மொத்தத்தையும் கழட்டுங்க," என்றாள் கடைக்காரரிடம். "ஸ்பேசர், டயர், எல்லாம். நேத்து நான் காட்டச் சொன்னதை மாட்டுங்க."

"மேடம், ரோட்டுல ஓடின டயர். திரும்ப எடுத்தா இதை நான் யார் தலையில கட்டறது?"

"அண்ணன் தலையில கட்டுங்க. அவர் ஆசைதானே? அவர் வண்டிக்கு மாட்டட்டும்."

"தங்கச்சி, என் வண்டிக்கு இது சைஸ் சரிப்படாது..." என்று கேப்டன் இழுத்தான்.

"அப்ப எங்களுக்கு மட்டும் எப்படி அண்ணே சரிப்பட்டுச்சு?"

கேப்டன் டீ கிளாஸுக்குள் எதையோ தேட ஆரம்பித்தான். கடைக்காரர் கணவனைப் பார்த்தார். பில்லில் கையெழுத்துப் போட்டது அவன். அவன் சொன்னால்தான் கழற்றுவார்.

கணவன் சொல்லவில்லை. புது டயரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.  "சேத்துல நின்னது நான்," என்றான். "நீ இல்ல. இவளைத் தூக்கிட்டு நடக்கிறப்ப கால் வழுக்கி விழுந்தேன். இவளைக் கீழ போட்டுட்டேன். ஒரு பஸ் ஜனம் ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துச்சு. வீட்டுக்கு வந்து உன்கிட்டகூடச் சொல்லல. திரும்பவும் அப்படி மாட்ட நான் தயாரா இல்ல. என்ன வேணா சொல்லிக்கோ."

அவளுக்கு இது தெரியாது. அன்று இருவரும் சேறும் சகதியுமாக வந்ததைக் கேலிகூடச் செய்திருந்தாள். ஒரு நிமிஷம் கோபம் கால் தடுக்கி நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகள் முந்திக்கொண்டாள்.

"விழுந்தது நானு," என்றாள் குண்டூசி, ஊன்றுகோலைத் தரையில் இடித்து. "பயந்தது நீ. டயர் யாருக்குப்பா?"

ஏர் பம்பு மட்டும் உள்ளே டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் தன் மேஜையை அடுக்குவதாகப் பாவனை செய்தார். கணவன் டயரிலிருந்து கையை எடுத்தான். உள்ளங்கை கறுத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கழட்டுங்க," என்றான்.

வேலை முடிய நேரமானது. பள்ளிக்கூடம் அன்றைக்குப் போனது போனதுதான்.  கேப்டன் போன் வந்தது போல எழுந்து போனவன் திரும்பி வரவே இல்லை. ஸ்பேசர் கழன்றது. பழைய அளவில் புது டயர்கள் ஏறின. அதிலும் சேற்றைப் பிடிக்கும் கட்டைகள் இருந்தன, கொஞ்சம் அடக்கமாக. ஜாக்கியிலிருந்து வண்டி மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தது.

கணவன் பின்கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றான். கையைக் கட்டிக்கொண்டு, தள்ளி.

குண்டூசி வந்தாள். வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். பின்னால் நகர்ந்தாள். விளிம்பு தொடையில் பட்ட இடத்தில் நின்றாள். ஊன்றுகோல்களை உள்ளே எறிந்தாள். ஒன்று அடுத்த கதவில் போய் மோதியது. கைப்பிடியைப் பிடித்தாள். ஒரே எம்பு. பேன்ட் துணியைப் பிடித்து ஒரு காலை உள்ளே வைத்தாள், மற்றொரு காலை வைத்தாள். முகம் இன்னும் இறுகியே இருந்தது.

பிறகு கதவைத் தன் பக்கம் இழுத்து, கடை அதிர, அடித்துச் சாத்தினாள்.

கணவன் வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்வான் என்று அம்மாவுக்குத் தெரியும். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள், சொல்லித்தான் பாரேன் என்பது போல. அவன் வாயை மூடிக்கொண்டான்.

உள்ளேயிருந்து குண்டூசி கதவை மறுபடி திறந்தாள். முன்னைவிட ஓங்கி, இன்னொரு தடவை சாத்தினாள்.