பழுப்பு இனம்

பூச்சி ஆராய்ச்சிக் கூடத்து ஆய்வாளர் ஒருவர் பதினெட்டு மாதம் ஒரு தீவில் குச்சிப்பூச்சி தேடிவிட்டுத் திரும்பியபோது, அவர் மனைவி தனியாகவே ஒரு மகளைப் பெற்று மூன்று வாரம் ஆகியிருந்தது. அக்கம்பக்கத்தார் வாயைத் திறந்தார்கள். குழந்தையைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்கள். தாயின் அதே முகம், இடது காதில் அதே மச்சம். தாய் பள்ளிக்கூட நாளில் சைக்கிளிலிருந்து விழுந்து வாங்கிய முழங்கால் தழும்புகூட அதே இடத்தில் இருந்தது. "உரிச்சு வச்சிருக்கு" என்றார் மாமியார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

குச்சிப்பூச்சியில் இரண்டு இனங்களை ஒப்பிடுவது அவர் வேலை. பழுப்பு இனத்தில் ஆண் கிடையாது. பெண் தானாக முட்டையிடும், பொரிப்பதெல்லாம் அதே பெண். பச்சை இனமும் அப்படித்தான் என்று கூடத்துப் பதிவேடு சொல்லிவந்தது. பெண்ணின் முதுகில் தொற்றிக்கொண்டிருந்த, ஈர்க்குச்சி கனமுள்ள சின்னதைக் குஞ்சு என்று எழுதியிருந்தார்கள். அது ஆண் என்று தீவில் கண்டுபிடித்தவர் அவர்தான். அங்கே கண்ணுக்குத் தப்பியது இங்கேயும் தப்பியிருக்கலாம் என்று பழுப்புப் பெட்டிகளைத் திறந்தார். ஆறு ஆண்டுகளில் ஒன்பதாயிரம் குஞ்சுகளை லென்ஸுக்குக் கீழே வைத்தார். அந்த ஆறு ஆண்டும் ஒரு நாள்கூட வெளியூரில் தங்கவில்லை. வீட்டில் அடுத்துப் பிறக்கும் குழந்தையிடம் தன் பங்காக ஒரு காது, ஒரு நகம் இருந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

இரண்டாவது மகள் பிறந்ததும் பூச்சி அளக்கும் காலிப்பரைக் கொண்டுவந்து காதுமடல், நெற்றி, சுண்டுவிரல் எல்லாம் அளந்தார். ஒன்று விடாமல் தாயோடு பொருந்தின.

"என் சாடை ஒரு துளிகூட இல்லையே."

"நான் என்னங்க பண்றது? உங்க மூக்கு வரணும்னுதான் நானும் ஆசைப்பட்டேன்."

"நான் இங்கதானே இருந்தேன்?"

"இருந்தீங்க. யாரு இல்லைன்னா?"

மூத்தவள் நோட்டோடு வந்து, "நீங்க எங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டாள். வம்புக்குக் கேட்கவில்லை, பள்ளிக்கூடத்தில் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். "அப்பா" என்றார். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள்.

பழுப்புப் பெட்டிகளில் ஆண் கிடைக்கவில்லை. ஒப்பீட்டு அறிக்கையின் கடைசி வரியாக, 'ஆண் இல்லை. அதனால் குறையும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மூன்றாவது மகளை அவர் அளக்கவில்லை. மகள்கள் வளர்ந்தார்கள், வீட்டில் நான்கு பேரும் ஒரே குரலில் பேசினார்கள். இடையில் அவர் ஏதாவது சொன்னால், யாரோ வந்திருக்கிறார்கள் என்று எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். கொஞ்ச காலத்தில் அவரும் பார்க்கத் தொடங்கினார்.