ஐயிதழ் இயந்திரத்தின் முழுச் சில்லு

அன்று பட்டறை மாடியில் இருந்தவர்கள்: குடும்பத்துக்கு மூத்தவனான நான், என் தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய மகள், என் தங்கையின் கணவர். வேறு யாரும் இல்லை. பழைய இரும்பு ஏற்றிப்போக வந்த லாரிக்காரர் தெருவிலேயே நின்றார், அவர் படியேறவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் அங்கே இருந்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டவர்களை எல்லாம் சேர்த்தால் அந்த அறை கொள்ளாது.

எங்கள் தொழில் பொத்தான் செய்வது. அப்பா சிப்பியிலும் மரத்திலும் கையால் அறுத்துச் செய்தார். என் காலத்தில் மோட்டார் வந்தது. தம்பி கணினியைக் கொண்டுவந்து இயந்திரத்தோடு பூட்டினான். எங்கள் பெயரைச் சொல்லும் பொத்தான் ஐயிதழ். ஐந்து இதழ் கொண்ட பூ. ஒவ்வொரு இதழும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லச் சரிந்து இறங்கும். நல்ல மேல்கோட்டு தைப்பவர்களுக்கு அது தெரியும். கீழே இப்போது நிற்கும் புது இயந்திரங்கள் எதையும் வெட்டும், இந்தச் சரிவை மட்டும் வெட்டாது. அதை வெட்டத் தெரிந்தது மாடியில் உள்ள ஒரே இயந்திரம். அதை ஓட்டும் கணினிக்குள் தம்பி தன் கையால் பற்றவைத்துச் செய்த அட்டை இருக்கிறது. அந்த அட்டை வேறு எந்தக் கணினியிலும் பொருந்தாது.

அந்தக் கணினியை வாங்கியவன் நான். கடைக்காரர் ஒரே தோற்றத்தில் இரண்டு வகை வைத்திருந்தார். ஒன்றின் சில்லுக்குள் பின்னக் கணக்குகளைப் போடத் தனிப் பகுதி உண்டு. விலை குறைந்த மற்றதில் அது கிடையாது. "பாதி எங்களுக்கு வேண்டாம், முழுசு கொடுங்கள்" என்றேன். நாற்பது தெரு தள்ளி இருந்தவர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வருகிறவர்களிடம் எல்லாம் "முழுச் சில்லு" என்று அம்மா சொல்வாள். என்னவென்று அவளுக்குத் தெரியாது, ஆனால் சொல்லும்போது முதுகு நிமிர்ந்திருக்கும்.

கணினி கண் விழித்ததும் எல்லாப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளும் அடிப்படை மென்பொருளுக்குக் கர்னல் என்று பெயர். ஆளுக்கு அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல ஒவ்வொரு கணினிக்கும் ஏற்ப அதைக் கட்டிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் கட்டுவதற்கு முன் அது கேள்விமேல் கேள்வி கேட்கும். இது வேண்டுமா, அது வேண்டுமா, ஆம் அல்லது இல்லை. ஒரு கேள்வியைத் தவறவிட்டால் திரும்பிப் போக வழியில்லை; முதலிலிருந்து வரவேண்டும். அதனால் தம்பி திரையைப் படிக்க, குடும்பமே சுற்றி உட்கார்ந்து பதில் சொல்வோம்.

"ஒலி அட்டை வேணுமான்னு கேக்குது."

"பாட்டு கேக்கவா மிஷின் வாங்கினோம்? வேண்டாம்னு போடு" என்பாள் அம்மா.

"வானொலி வழியா வெளியாளுங்களோட பேசுற வசதி?"

"நமக்கு யாரோட என்னடா பேச்சு? வேண்டாம்."

"பின்னக் கணக்குக்கு மென்பொருள்ல மாற்று ஏற்பாடு வேணுமான்னு கேக்குது. சில்லுல அந்தப் பகுதி இல்லாதவங்களுக்காம்."

அதற்குப் பதில் சொன்னது நான். "இல்லை. நம்மகிட்ட இருக்கு."

காலையில் கட்டத் தொடங்கினால் மதியச் சாப்பாடு முடிந்த பிறகும் எழுத்துகள் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் சத்தமாக நடக்கமாட்டோம். உள்ளே யாரோ தூங்குவதுபோல இருக்கும். இன்றைக்கு வீட்டில் ஆளுக்கொரு திரை இருக்கிறது. ஆனால் ஒரே திரையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்த வீடு என்றால் எனக்கு அந்த மதியங்கள்தான்.

இந்த ஆண்டு அந்தக் கணினியின் வட்டு செத்தது. அதோடு கர்னலும் போயிற்று. தம்பி எழுதிய வெட்டும் நிரல் மட்டும் தனியாக எடுத்துவைத்திருந்ததால் தப்பியது. பட்டறையை இப்போது நடத்துபவர் தங்கை கணவர். மாடியில் பொட்டலம் கட்டும் மேசை போடவேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மச்சான், லாரி வரச் சொல்லியிருக்கேன். அது வர்றதுக்குள்ள மிஷின் ஓடினா இருக்கட்டும். ஓடலைன்னா ஏத்திடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

நியாயம்தான். நான் சரி என்றேன். நான் சரி என்றால் சரிதான். எங்கள் வீட்டில் அதற்குமேல் பேச்சில்லை.

வேலையிலிருந்து ஒதுங்கிய பிறகும் தினமும் காலையில் படியேறி வந்து அந்த இயந்திரத்தின் முன் உட்காருபவன் தம்பி. அது போய்விட்டால் அவன் மாடிக்கு வரக் காரணமே இருக்காது.

அவன் மகள் கணினிகளோடு பிழைப்பவள். மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். செத்த வட்டுக்குப் பதிலாக விரல்நக அகல நினைவு அட்டை ஒன்றைப் பூட்டினாள். அவளுடைய அம்மா சன்னலோரம் உட்கார்ந்து, விற்பனைக்கான அட்டைகளில் பொத்தான்களை வரிசையாகத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

"பெரியப்பா, புதுக் கர்னல் எதுலயும் இந்தச் சில்லுக்கு இடமே வைக்கல. தூக்கிட்டாங்க. அதனால பழைய பதிப்பா ஒண்ணு எடுத்திருக்கேன்" என்றாள் மகள்.

"தூக்கிட்டாங்களா? யாரைக் கேட்டுத் தூக்கினாங்க?"

"உங்களைத்தான் கேட்டிருக்கணும்" என்றார் மாப்பிள்ளை. தங்கை கணவரை நான் அப்படித்தான் அழைப்பது.

இப்போது கேள்விகள் வரிசையாக வருவதில்லை. எல்லாம் ஒரே பட்டியலாக இருக்கிறது, வேண்டியதை முன்னும் பின்னும் போய்த் தொடலாம். அவள் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக் கழித்தாள். பல சில்லுகள் சேர்ந்து உழைக்கும் ஏற்பாடு, வேண்டாம். வலையமைப்பு, வேண்டாம். ஒலி, வேண்டாம். "பாட்டி இருந்தா சந்தோஷப்படுவாங்க" என்றாள். தம்பி செய்த அட்டையைச் செருகும் பழைய வகை இணைப்பு, வேண்டும். சில்லின் வகை என்ற இடத்தில், வழக்கமாக நிற்கும் புது வகையை மாற்றி நம்முடையதை வைத்தாள். அங்கே தவறினால் அந்தச் சில்லுக்குப் புரியாத கட்டளைகளோடு கர்னல் கட்டப்பட்டுவிடுமாம். திரையில் ஒரு எழுத்துகூட வராதாம்.

பிறகு நிமிர்ந்தாள். "அப்பா, பின்னக் கணக்குப் பகுதி சில்லுக்குள்ளயே இருக்கா? இல்லைன்னா மாற்று ஏற்பாட்டைச் சேர்க்கணும்."

தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"இருக்கு" என்றேன் நான். "முழுச் சில்லு. நானே வாங்கினது."

சன்னலோரத்தில் ஊசி நின்றதை நான் அப்போது பொருட்படுத்தவில்லை.

மடிக்கணினியில் கர்னல் கட்டப்பட்டு முடிய ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆயிற்று. எனக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது. அதை நினைவு அட்டையில் ஏற்றி, அட்டையைத் திரும்பப் பொருத்திப் பழைய கணினியை முடுக்கினாள். விசிறி சுழன்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொரு வரியாக இறங்கின. அந்தக் காட்சியை மறுபடி பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை. எழுத்துகள் சட்டென்று நின்றன.

"என்ன சொல்லுது?" என்றேன்.

மகள் கடைசி வரியைப் படித்துத் தமிழில் சொன்னாள்: "கணக்குப் பகுதி இல்லை, மாற்றும் வைக்கலை, அதனால கைவிடுறேன்னு சொல்லுது."

"இருக்கே! அது எப்படி இல்லாம போகும்?"

"வயசாயிடுச்சு மச்சான். அந்தப் பகுதி செத்திருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

"மாற்று ஏற்பாட்டைச் சேர்த்துக் கட்டினா ஓடும்" என்றாள் மகள்.

"இன்னைக்கு ஓடும். பாதி செத்த சில்லு மீதியை எப்ப இழுத்துக்கும்னு யாருக்குத் தெரியும்? வெட்டிக்கிட்டிருக்கும்போது நின்னா வெட்டுற ஊசி உடையும், அரைகுறையா வெட்டின சிப்பி எல்லாம் குப்பை. வாங்குறவங்களுக்கு நாளைக்கு வர்ற சரக்குக்கு என்ன வாக்குக் கொடுக்கிறது?"

அவர் சொன்னதில் தவறு எனக்குத் தெரியவில்லை. எங்கள் பொத்தான் குறித்த நாளில் போகாமல் இருந்தது கிடையாது. தெருவில் லாரியின் ஒலிப்பான் இரண்டு முறை கேட்டது.

"ஏத்திடுங்க மாப்பிள்ளை" என்றேன். "நல்லா உழைச்சது. நோயோட வச்சு வேலை வாங்க வேண்டாம்."

மாப்பிள்ளை மின்செருகியைப் பிடுங்கக் குனிந்தார்.

"கை வைக்காதீங்க மச்சான்" என்றான் தம்பி. எழுந்து நின்றிருந்தான். என்னைப் பார்க்கவில்லை, இயந்திரத்தைப் பார்த்துப் பேசினான். "அது சாகல, அண்ணே. அந்தப் பகுதி இதுல எப்பவும் இருந்ததில்லை."

"என்ன பேசுற? கடையில நான் பார்த்து வாங்கினேன்."

"நீங்க வாங்கினது முழுசுதான். இது அது இல்ல. கழற்றிப் பாருங்க."

மகள் மூடியைத் திறந்து, தூசியை ஊதி, சில்லின் மேல் இருந்த எழுத்துகளைப் படித்தாள். நானே குனிந்து கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. விலை குறைந்த வகை.

"அப்ப முழுசு எங்கடா போச்சு?"

அவன் கழுத்து சிவந்தது. அறுபது தாண்டியவன்.

"அது எங்கிட்ட இருந்துச்சு மாமா" என்றது சன்னலோரம். தம்பி மனைவி பொத்தான் அட்டையை மடியில் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "இங்க இருக்கிறது என்னோடது."

கல்யாணத்துக்கு முன் அவள் பட்டறைக்கு எதிர்வீட்டுப் பெண். சொந்தக் கணினியில் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பாள். தம்பி எப்போதாவது அதைச் சரிசெய்யப் போவதுண்டு. எனக்குத் தெரிந்துதான் போவான்.

"ஒரு மாடிப்படி வரைஞ்சா அது திரையில வர்றதுக்குள்ள நான் சமைச்சுட்டு வந்துடுவேன்" என்றாள் அவள். "என் சில்லுல கணக்குப் பகுதி இல்ல. கொடுத்த வேலை எல்லாம் தள்ளிப் போய் ஆளுங்க வேற இடம் பார்க்க ஆரம்பிச்சாங்க. இவர்கிட்ட சொன்னேன். மறுநாள் சட்டைப்பையில இருந்து எடுத்து வச்சார். 'எங்க மிஷின்ல இதுக்கு அவ்வளவா வேலையில்ல, உங்களுக்குத்தான் வேணும், உங்களுதைக் கொடுங்க'ன்னார்."

"எப்ப மாத்தின?" என்று தம்பியைக் கேட்டேன்.

"நீங்க எல்லாரும் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனப்ப. சில்லு உக்கார்ற பலகையில ஒரு சின்னச் செருகியை இடம் மாத்தணும், அவ்வளவுதான். அப்புறம் கர்னலை மறுபடி கட்டினேன். தனியா உக்காந்து எல்லாக் கேள்விக்கும் நானே பதில் போட்டேன். மாற்று ஏற்பாடு வேணுமாங்கிற அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதிலை மாத்தி ஆம்னு போட்டேன்."

மாப்பிள்ளை தொடையில் அடித்துக்கொண்டார். "நான் அப்பவே கேட்டேனே! புது இதழ் கணக்குப் போட்டா ஆமை மாதிரி ஊர்ந்துச்சு. கேட்டா வெயில்னு சொன்னான். குளிர்காலத்துலயும் வெயில்! நானும் நம்பி அதுக்கு விசிறி போட்டேன்!"

"விசிறி நல்லதுதான் மச்சான், இன்னும் ஓடுது" என்றான் தம்பி.

மகள் சிரித்துவிட்டாள். அவளுடைய அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, திட்டு வாங்கக் காத்திருக்கும் பையன்போல நின்றான். இத்தனை ஆண்டுகள் வாய் திறக்காதவன். இப்போதும் திறக்காமல் இருந்திருக்கலாம். லாரி போயிருக்கும், முழுச் சில்லு செத்தது என்றே நானும் சொல்லிக்கொண்டு இருந்திருப்பேன்.

நான் செய்ய வேண்டியது தெளிவாகவே இருந்தது. சில்லு நலமாக இருக்கிறது. என்றைக்கும் இருந்ததுபோலவே இருக்கிறது. அப்படியானால் நாளைய சரக்குக்கு வாக்குக் கொடுக்கலாம்.

"மாற்று ஏற்பாட்டைச் சேர்த்துக் கட்டும்மா" என்றேன் மகளிடம். "மாப்பிள்ளை, லாரிக்காரரை இன்னும் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்க."

"அவர் ஏற்கெனவே முணுமுணுக்கிறார்."

"டீ வாங்கிக் கொடுங்க."

அவள் அந்த ஒரு வரியில் ஆம் என்று வைத்துக் கட்டினாள். இரண்டாவது முறை எழுத்துகள் இறங்கி, நின்ற இடத்தைத் தாண்டி, மேலும் இறங்கி, தம்பியின் அட்டையைக் கண்டதாகச் சொல்லி, ஆணைக்குக் காத்து நின்றன. தம்பி ஒரு சிப்பித் துண்டைப் பொருத்தினான். வெட்டும் ஊசி இறங்கிற்று. அந்த ஓசையை விவரிக்க மாட்டேன். எங்கள் வீட்டில் வளர்ந்த யாருக்கும் அது தெரியும். மெதுவாகத்தான் வெட்டியது. கடைசி இதழ் முடிந்ததும் தம்பி பொத்தானை எடுத்துச் சட்டையில் துடைத்து என்னிடம் நீட்டினான். நான் விரலால் சரிவைத் தடவிப் பார்த்துவிட்டு அதை அவன் மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதை அட்டையின் முதல் இடத்தில் தைத்தாள்.

மாப்பிள்ளை கீழே போய் உடைந்த நாற்காலிகளை லாரியில் ஏற்றி அனுப்பினார். வந்த வண்டி வெறுமையாகத் திரும்பக்கூடாது என்பது அவர் கொள்கை. பொட்டலம் கட்டும் மேசை கீழேயே போடப்பட்டது.

இதற்குப் பின் ஒரு பேச்சு உலவுகிறது. எங்கள் வீட்டுச் சில்லைக் கொடுத்துத்தான் சின்னவன் பெண் எடுத்தான் என்கிறார்கள். அது தவறு. சில்லுக்குச் சில்லு மாறியது; அவளுடையதும் எங்கள் வீட்டுக்கு வந்தது. பெண் கேட்டுப் போனது அதற்கு அடுத்த ஆண்டு, போனது நான்.