பளிங்கு வீடுகள்

கப்பல் வேலைக்குப் போய் முதல்முறை அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் நகரைப் பார்த்துவந்த தியாகலிங்கம் அத்தான், ஷெல் விழுந்து பாதி ஓடு போன எங்கள் நெல்லியடி வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு கட்டடக்கலை படிப்பித்தார். அவர் அங்கே கரையில் நின்றது மூன்றே மணித்தியாலம்.

"நீங்கள் எனக்குச் சீதனமாய்த் தந்த இதுவும் ஒரு வீடே? ஆட்டுக்கொட்டில்! அங்கை தெருத்தெருவாய்ப் பளிங்கு வீடு, வாசலுக்கு வாசல் சிலை. சனமும் பண்பான சனம், ஒரு சத்தமில்லை."

சாட்சிக்குப் படமும் வைத்திருந்தார். அதில் பளிங்கு வீடொன்றின் கதவில் வீட்டுக்காரன் மாதிரிச் சாய்ந்து நின்றார்.

அவர் பெண்சாதி, என் அக்கா கனகாம்பிகை, படத்தை வாங்கி உற்றுப் பார்த்தாள். கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் சவப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"இது சவக்காலையெல்லோ? எழும்புங்கோ. கிணத்தடியிலை முழுகிப்போட்டு இந்த ஆட்டுக்கொட்டிலுக்குள்ளை வாங்கோ."